பந்தைத் தொடாதவர்களின் பயிற்றுவிப்பாளர்

போன வருடம் வலய மட்ட வலைப்பந்தாட்டப் போட்டியில் எங்கள் அணிக்கு இரண்டாமிடம் கிடைத்தது. நான் கோல் கீப்பர். இந்த விளையாட்டை அறியாத பெற்றோருக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோல் கீப்பராக நிற்பவளுக்குக் கோல் போட அனுமதியே இல்லை. மைதானத்தின் மூன்றில் ஒரு பங்குக்குள் நின்று, எதிரணியின் பந்து வளையத்துக்குள் போகாமல் மறிப்பது மட்டுமே அவளுடைய வேலை. போட்டி முடிந்து இரண்டு நாட்களின் பின் ஒரு படம் எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் வந்தது. உம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கோல் போட்ட இருவரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. அது என்னுடையது.

கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த சாச்சாவிடம் இதைச் சொல்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, அமெரிக்காவில் ஒரு விளையாட்டு இருக்கிறது, அதில் ஒவ்வோர் அணியிலும் ஐந்து பேர் வாழ்நாள் முழுவதும் முழங்கையாகவே இருப்பார்கள், அப்படி இருந்த ஒருவரின் பெயரில்தான் அந்த நாட்டின் மிகப் பெரிய கிண்ணம் இருக்கிறது என்றார். அன்றிரவு தேடத் தொடங்கினேன். தவணைப் பரீட்சை நெருங்கிய நேரம் அது. உம்மா இந்தப் பகுதியை வாசிக்காமல் தாண்டிவிடுவார் என்று நம்புகிறேன்.

அவர் பெயர் வின்ஸ் லொம்பார்டி.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்கர்கள் அதை ஃபுட்போல் என்றே அழைக்கிறார்கள். ஆனால் அது நம்முடைய உதைபந்தாட்டம் அல்ல. பக்கத்துக்குப் பதினொரு பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்குள் ஓட வேண்டும், அல்லது அங்கே நிற்கும் தம் ஆளுக்கு எறிய வேண்டும். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்து வைத்திருப்பவருக்கு முன்னால் ஐந்து பேர் தோளோடு தோள் சேர்த்துச் சுவராக நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்ட் இருவர், அவர்களுக்கு வெளியே டக்கிள் இருவர். சென்டர் பந்தைத் தன் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பதோடு சரி. மற்ற நால்வருக்கும் அதுவும் இல்லை. பாய்ந்து வரும் எதிரிகளை மோதித் தள்ளி, பின்னால் வருபவனுக்கு வழி திறந்துவிடுவதே இவர்களின் தொழில்.

நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கயிற்றில் இருபது பேர் இருந்தாலும் ஒருவரின் குதி மணலில் வழுக்கினால் முழு வரிசையும் தளரும். நன்றாக இழுத்தவரை யாரும் கவனிப்பதில்லை. வழுக்கியவரைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

லொம்பார்டி 1913 ஜூன் 11ஆம் திகதி நியூயோர்க்கின் புரூக்ளினில் பிறந்தார். தென் இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பம். தந்தை இறைச்சி வியாபாரி. ஐந்து பிள்ளைகளில் இவரே மூத்தவர். கடலோரக் குடியிருப்பொன்றில் வளர்ந்தார். கத்தோலிக்கப் பற்று மிகுந்த வீடு. பதினைந்து வயதில் குருவானவர் ஆவதற்கான பாடசாலையில் சேர்ந்து, சில ஆண்டுகளில் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். ஆனாலும் நாள் தவறாமல் தேவாலயத்துக்குப் போகும் வழக்கத்தைக் கடைசிவரை விடவில்லை.

பின்னர் அவர் போனது ஃபோர்தம் பல்கலைக்கழகம். அதை நடத்தியவர்கள் இயேசு சபைக் குருமார். மட்டக்களப்பாருக்கு இந்தச் சபை புதிதல்ல. புனித மிக்கேல் கல்லூரியில் கற்பித்து, விளையாட்டும் பழக்கிய அமெரிக்கக் குருமார் இதே சபையினர்தான். அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரில்தான் நகரத்து விளையாட்டரங்கு இருக்கிறது. அமெரிக்கச் சாமிமாரிடம் கூடைப்பந்து பழகியவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். உடம்பைப் பழக்குவதும் படிப்பின் ஒரு பகுதி என்று எண்ணிய அதே பள்ளியில்தான் லொம்பார்டியும் வளர்ந்தார் என்று தெரிந்தபோது, அவர் எனக்குக் கொஞ்சம் நெருக்கமானவராகிவிட்டார்.

ஃபோர்தமில் அவர் கார்ட். ஐந்தடி எட்டு அங்குல உயரம், ஏறத்தாழ 84 கிலோ எடை. அந்த விளையாட்டுக்கு அது சிறிய உடம்பு. அப்போது முன்வரிசையில் ஏழு பேர் நிற்பதாகக் கணக்கு. 1936ஆம் ஆண்டு வரிசையைப் பத்திரிகைகள் ஏழு கருங்கற்கள் என்று புகழ்ந்தன. அந்த வருடம் பிட்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்தில் லொம்பார்டியின் வாய்க்குள் ஆழமாகக் கிழிந்து சில பற்களும் போயின. ஆட்டத்தின் பெரும்பகுதி வெளியில் உட்கார்ந்திருந்தார். எதிரணி எல்லைக் கோட்டருகே வந்துவிட்ட நேரம் திரும்ப அழைக்கப்பட்டார். இரத்த வாயோடு போய் நின்றார். எதிரணியால் கோட்டைத் தாண்ட முடியவில்லை. இரு பக்கமும் புள்ளியில்லாமல் ஆட்டம் முடிந்தது.

பட்டம் பெற்றபின் இரண்டு ஆண்டுகள் தட்டுத் தடுமாறினார். கடன் வசூலிக்கும் வேலை பார்த்தார். சட்டம் படிக்கத் தொடங்கி விட்டுவிட்டார். 1939இல் நியூ ஜேர்சியில் புனித செசிலியா என்ற உயர்நிலைப் பாடசாலையில் ஆசிரியரானார். பௌதிகவியல், இரசாயனவியல், இலத்தீன் மூன்றையும் கற்பித்துக்கொண்டே அணிகளையும் பழக்கினார். அங்கே எட்டு வருடங்கள். அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் இந்த எட்டு வருடங்களை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னால் அவர் செய்தவை எல்லாம் வகுப்பறையில் பழகியவை. வகுப்பில் மிக மெதுவாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு விளங்கும்வரை அவர் அடுத்த பாடத்துக்குப் போகமாட்டார். பௌதிகவியலில் நான் அப்படிப்பட்ட பிள்ளை என்பதால் இந்த இடத்தில் வாசிப்பதைச் சற்று நிறுத்திவிட்டேன்.

1949இல் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரிக்கு முன்வரிசைப் பயிற்றுவிப்பாளராகச் சென்றார். தலைமைப் பயிற்றுவிப்பாளர் ரெட் பிளெய்க், குறைவான ஆட்ட முறைகளை வைத்துக்கொண்டு அவற்றைப் பிழையில்லாமல் செய்விப்பவர். ஆட்டங்களின் திரைப்படத்தை இரவிரவாக ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை லொம்பார்டி அவரிடம் பிடித்துக்கொண்டார். 1951இல் பரீட்சை மோசடி ஒன்று வெளிப்பட்டு, அணியின் பெரும்பகுதி கல்லூரியைவிட்டு வெளியேற்றப்பட்டது. மிஞ்சியவர்களை வைத்து இவர்கள் மீண்டும் தொடங்கினார்கள். 1954இல் நியூயோர்க் ஜயன்ட்ஸ் தொழின்முறை அணிக்குப் போய், தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பானார். ஆனால் தலைமைப் பதவி மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. தன்னுடைய இத்தாலியப் பெயர்தான் கதவுகளை மூடுகிறது என்று அவர் நம்பினார். முதன்முதலாக ஒரு தொழின்முறை அணியின் தலைமை கையில் வந்தபோது அவருக்கு 45 வயது.

அது கிறீன் பே பக்கர்ஸ். குளிர் மிகுந்த விஸ்கொன்சின் மாநிலத்தில் ஒரு சிறு நகரம். பெரிய நகரங்களின் அணிகளுக்குச் செல்வந்த உரிமையாளர்கள் இருந்தார்கள். இந்த அணியின் பங்குகளோ ஊர்மக்களின் கையில் இருந்தன. 1958இல் அந்த அணி 12 ஆட்டங்களில் ஒன்றில் மட்டும் வென்று, பத்தில் தோற்று, ஒன்றைச் சமநிலையில் முடித்திருந்தது. அடுத்த வருடம் லொம்பார்டி வந்தார். ஏழில் வென்றது, ஐந்தில் தோற்றது.

என்ன செய்தார்? இதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் பல இரவுகள் செலவழித்தேன்.

முதலாவது, உடம்பு. கோடை வெயிலில் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி ஓட வேண்டும். அவர் குரல் கொடுத்ததும் வயிறு மண்ணில் படும்படி விழ வேண்டும். மறு குரலுக்கு எழுந்து ஓட வேண்டும். எத்தனை தடவை என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஏழு பேர் ஒன்றாக மோதித் தள்ளும் ஒரு பாரமான சட்டம் மைதானத்தில் இருந்தது. அதன் மேல் இவரே ஏறி நின்றுகொண்டு தள்ளச் சொல்லிச் சத்தமிடுவார்.

இரண்டாவது, அடி. முன்வரிசை வீரன் ஒரு கையை நிலத்தில் ஊன்றிக் குனிந்து நிற்கிறான். பந்து அசைந்ததும் வைக்கும் முதல் அடி ஒரு சாணுக்கு மேல் போகக்கூடாது. நீளமாக வைத்தால் உடம்பு நிமிர்ந்துவிடும். நிமிர்ந்தவனைக் குனிந்து வருபவன் தூக்கித் தள்ளிவிடுவான். தலை நிமிர்ந்திருக்க வேண்டும், இடுப்புத் தாழ்ந்திருக்க வேண்டும். மோதியபின் கால்கள் நிற்கவே கூடாது. முதல் மோதலில் எதிரி நின்றுவிடுவான், ஆனால் அவனை நகர்த்துவது அதற்குப் பிறகு வைக்கும் சிறு சிறு அடிகள்தான். அந்தக் காலத்தில் முன்வரிசையினர் கையை நீட்டித் தள்ளவும் அனுமதி இல்லை, நெஞ்சோடு ஒட்டியே வைத்திருக்க வேண்டும். கையை நீட்டலாம் என்ற விதி 1978இல்தான் வந்தது. ஆக, பலசாலியைவிடத் தாழ்ந்து வருபவனுக்கே வாய்ப்பு அதிகம். சிறிய உடம்போடு கார்ட்டாக நின்றவருக்கு இது ஏட்டுப் படிப்பு அல்ல.

மூன்றாவது, ஒரேயோர் ஆட்ட முறை. ஸ்வீப் என்று அதற்குப் பெயர். பந்து அசைந்ததும் கார்ட் இருவரும் எதிரே இருப்பவனை மோதாமல், ஒரு அடி பின்வாங்கி, வரிசைக்குப் பின்னாலேயே பக்கவாட்டில் ஓடி, கோடியைச் சுற்றி முன்னே வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் பந்தோடு ஒருவன் வருவான். கார்ட் விட்டுப்போன இடைவெளியில் எதிரி புகுந்துவிடாமல் சென்டர் பாய்ந்து மறிக்க வேண்டும். கோடியில் நிற்பவனுக்கு வேறொரு விதி. எதிரியை இந்தப் பக்கம்தான் தள்ள வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. எதிரி எந்தப் பக்கம் போக விரும்புகிறானோ அந்தப் பக்கமே அவனைக் கொண்டுபோக வேண்டும். அவன் வெளியே போனால் உள்ளே வழி திறக்கும், உள்ளே வந்தால் வெளியே. பின்னால் வருபவன் வெளிச்சம் தெரிகிற இடத்தைப் பார்த்து ஓட வேண்டும். 1963இல் அவர் எழுதிய புத்தகத்துக்கும் இந்தக் கருத்தையே தலைப்பாக வைத்தார்.

இதில் இரகசியம் எதுவும் இல்லை. எதிரணிகள் எல்லாவற்றுக்கும் அது வரப்போகிறது என்று தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை, ஏனென்றால் பதினொரு பேரும் அதைத் தூக்கத்திலும் செய்வார்கள். பின்னாளில் பெரும் பெயர் பெற்ற ஜோன் மெடன் இளைஞராக இருந்தபோது லொம்பார்டியின் விரிவுரை ஒன்றுக்குப் போனார். இந்த ஒரே ஆட்ட முறையைப் பற்றி லொம்பார்டி எட்டு மணித்தியாலம் பேசினார். தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துப் போன மெடன், ஒன்றும் தெரியாது என்று தெரிந்துகொண்டு திரும்பினார்.

1960இல் இறுதியாட்டம் வரை வந்து பிலடெல்பியாவிடம் 17–13 என்று தோற்றார்கள். அடுத்த வருடப் பயிற்சியின் முதல் நாள், நாட்டின் இரண்டாவது சிறந்த அணியினர் முன்னால் லொம்பார்டி ஒரு பந்தைக் கையில் எடுத்து, இது என்ன பொருள் என்பதிலிருந்து பாடத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டின் இறுதியாட்டத்தில் நியூயோர்க்கை 37–0 என்று வென்றார்கள். ஏழு வருடங்களில் ஐந்து முறை சம்பியன் பட்டம். 1960க்குப் பிறகு அவருடைய அணி எந்த இறுதியாட்டத்திலும் தோற்கவில்லை.

இன்னொன்று. சொன்ன நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் வருபவனே அவர் கணக்கில் நேரத்துக்கு வந்தவன். நம் ஊர்க் கூட்டங்களுக்கு அவர் வந்திருந்தால் கதிரை அடுக்கும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்திருக்கும்.

இனி அவருடைய கோபத்தைப் பற்றி. இதை மறைத்து எழுதினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. ஜெரி கிராமர் என்ற கார்ட், பயிற்சியில் பந்து அசையுமுன்னே பாய்ந்துவிட்டார். ஒரு பாலர் பாடசாலைப் பிள்ளைக்கு இருக்கும் கவனம்கூட உனக்கு இல்லை என்று எல்லோர் முன்னிலையிலும் லொம்பார்டி கத்தினார். பயிற்சி முடிந்து உடைமாற்றும் அறையில் கிராமர் தாடையைக் கையில் தாங்கி, விளையாட்டையே விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லொம்பார்டி உள்ளே வந்தார். பின்கழுத்தில் ஒரு தட்டுத் தட்டி, தலைமுடியைக் கலைத்துவிட்டு, ஒரு நாள் நீ இந்த விளையாட்டின் மிகச் சிறந்த கார்ட்டாக வருவாய் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைதான் தன்னை மாற்றியது என்று கிராமர் முதுமையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையை எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அன்று லொம்பார்டி அந்த அறைக்குள் வர மறந்திருந்தால்? கத்துவதைப் பின்பற்றும் பயிற்றுவிப்பாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பிறகு அறைக்குள் வருபவர்கள் குறைவு. பார்ட் ஸ்டார் என்ற வீரர் இதை வேறுவிதமாகக் கையாண்டார். பந்தை எடுத்து ஆட்டத்தை நடத்துபவர் அவர். தனியாகப் போய், மற்றவர்கள் முன் என்னைத் திட்டினால் அவர்கள் என் சொல்லைக் கேட்கமாட்டார்கள், தவறைத் தனியே சொல்லுங்கள் என்று கேட்டார். லொம்பார்டி ஒப்புக்கொண்டார், அதன்பின் அப்படியே நடந்தார். கேட்டால் மாறக்கூடியவராகவும் அவர் இருந்தார் என்பது எனக்குக் கத்தலைவிடப் பெரிதாகத் தெரிகிறது. வீட்டில் மனைவி மரிக்கும் மகனுக்கும் மகளுக்கும் அந்த அளவு நேரம் கிடைக்கவில்லை என்றே அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள்.

ஒரு விடயத்தில் அவர் யார் கேட்பதற்கும் காத்திருக்கவில்லை. அக்காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்குத் தனி விடுதி, தனிச் சாப்பாட்டுக் கடை. தன் அணியைப் பிரித்துத் தங்கவைக்க அவர் இணங்கவில்லை. எல்லோரும் ஒன்றாகத் தங்க முடியாத இடத்தில் அணி தங்காது என்றார். ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு போட்டிக்குப் போனபோது விடுதிகளை விட்டு இராணுவ முகாமில் எல்லோரையும் ஒன்றாகத் தங்கவைத்தார். கிறீன் பேயில் எந்தக் கடை கறுப்பின வீரர் ஒருவருக்குப் பரிமாற மறுக்கிறதோ, அந்தக் கடைக்கு அணியில் எவருமே போகக்கூடாது என்று அறிவித்தார். பெயரைப் பார்த்துக் கதவு மூடப்படும் வலியை அனுபவித்தவர் அவர்.

1967 டிசம்பர் 31. டலஸ் கௌபோய்ஸ் அணியுடன் இறுதியாட்டம், கிறீன் பேயில். குளிர் பூச்சியத்துக்குக் கீழே 25 பாகை செல்சியஸ். வாவியில் மாரிக் காற்று அடித்தாலே இரண்டு போர்வை தேடும் எங்களுக்கு இதைக் கற்பனை செய்யவே முடியாது. மைதானத்துக்கு அடியில் லொம்பார்டி போடுவித்திருந்த சூடாக்கும் கம்பிகள் அன்று வேலை செய்யாததால் தரை பனிக்கட்டியாக இறுகியது. நடுவரின் விசில் உதட்டில் ஒட்டிக்கொண்டது. ஏறத்தாழ 50,000 பேர் அந்தக் குளிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்து நிமிடமும் இல்லாதபோது கிறீன் பே 14–17 என்று பின்தங்கியிருந்தது. 68 யார் போக வேண்டும். சிறுகச் சிறுக நகர்ந்தார்கள். பதினாறு விநாடிகள் மிஞ்சியபோது பந்து எல்லைக் கோட்டுக்கு ஒரு யாருக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. பந்தை உதைத்துக் கம்பங்களுக்கிடையே அனுப்பினால் சமநிலை, ஆட்டம் நீளும். ஓடித் தோற்றால் எல்லாம் முடிந்தது. ஓடுபவர்கள் பனியில் வழுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற இடத்திலிருந்தே நுழைந்துவிடுகிறேன் என்றார் ஸ்டார். லொம்பார்டி சம்மதித்தார்.

எதிர்ப்பக்கத்தில் ஜெத்ரோ பியூ என்ற பெரிய உடம்புக்காரர். அந்த வாரம் திரைப்படத்தை ஓட்டிப் பார்த்தபோது, எல்லைக் கோட்டருகே பியூ மட்டும் சற்று நிமிர்ந்து வருகிறார் என்பதைக் கிராமர் கண்டுபிடித்திருந்தார். நிமிர்ந்தவனைக் குனிந்து வருபவன் தள்ளிவிடலாம் என்ற அதே பழைய பாடம். பந்து அசைந்தது. பனியில் கிடைத்த ஒரு சிறு பிடிமானத்தில் கால் ஊன்றிக் கிராமர் தாழ்ந்து மோதினார். பக்கத்திலிருந்து சென்டர் கென் போமனும் அதே ஆளை மோதினார். இருவருக்கும் பின்னால் ஸ்டார் உள்ளே விழுந்தார். 21–17.

தொலைக்காட்சி அந்த மோதலைத் திரும்பத் திரும்பக் காட்டியது. ஒரு கார்ட்டின் பெயர் நாடு முழுவதும் பேசப்பட்டது அன்றுதான். அடுத்த வருடம் கிராமர் எழுதிய புத்தகத்துக்கு அந்த மறுஒளிபரப்பையே தலைப்பாக வைத்தார்.

இரண்டு வாரங்களின் பின் இன்னொரு வெற்றியோடு லொம்பார்டி கிறீன் பேயின் பயிற்றுவிப்பாளர் பதவியிலிருந்து விலகினார். ஒரு வருடம் நிர்வாகக் கதிரையில் இருந்து பார்த்தார், முடியவில்லை. 1969இல் வாஷிங்டன் அணியைப் பொறுப்பேற்று ஏழில் வென்று, ஐந்தில் தோற்று, இரண்டைச் சமநிலையில் முடித்தார். அடுத்த கோடையில் பெருங்குடல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1970 செப்டம்பர் 3ஆம் திகதி, 57 வயதில் இறந்தார். நியூயோர்க்கின் புனித பட்ரிக் பேராலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. அவர் கத்தி வளர்த்த பெரிய மனிதர்கள் அங்கே அழுதுகொண்டு நின்றார்கள். இறுதியாட்டத்தில் வெல்லும் அணிக்குக் கொடுக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

ஜெரி கிராமர் அந்த விளையாட்டின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது 2018இல், அவருடைய 82ஆவது வயதில். பலமுறை பெயர் பிரேரிக்கப்பட்டுத் தட்டிக் கழிக்கப்பட்ட பின்னர். கென் போமனின் பெயரையும் அந்தப் பட்டியலில் தேடிப் பார்த்தேன். இல்லை.